பிள்ளைப்பூச்சி திரும்பிப் போகும் இடம்

ஒருவரைச் சாது, வாயில்லாப் பிராணி என்று சொல்ல நினைப்பவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: பிள்ளைப்பூச்சி. முனைவர் தையல்நாயகிக்கு அலுவலகத்தில் அதுதான் பட்டப்பெயர். அவள் சாது என்பதற்காக யாரும் அதை வைக்கவில்லை. அவள் அறைக்குள் போய்விட்டு முகம் கறுக்காமல் வெளியே வந்த அதிகாரி அந்தக் கட்டடத்தில் இல்லை. முப்பது வருஷமாக அந்த ஒரு பூச்சியையே கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதுதான் காரணம். மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் விரல் நீளப் பூச்சி அது. மழை பெய்த மாலைகளில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து எல்லோரையும் நாற்காலிமேல் ஏற்றிவிடும்.

அதற்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் பெயரை நம்பி அதை விழுங்கியவர்கள் உண்டு. தையல்நாயகிக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று, மாமியார் குப்பம்மாள் ஒரு வாழைப்பழத்தை நடுவில் கீறி, உயிரோடு ஒரு பிள்ளைப்பூச்சியை உள்ளே வைத்து, "கண்ண மூடிக்கினு முழுங்கிடு, அடுத்த வருசம் தொட்டில் கட்டிடலாம்" என்று நீட்டினார். தையல்நாயகி வாழைப்பழத்தை மட்டும் தின்றாள். பூச்சியை ஊறுகாய்ப் பாட்டிலில் ஈரமண் போட்டு விட்டாள்.

அது முட்டையிட்டது. முட்டைகளை விட்டு நகர மறுத்தது. பூஞ்சை பிடித்துவிடாதபடி ஒவ்வொன்றாக நக்கித் துடைத்தது. பாட்டிலைச் சாய்த்தால், சரிந்த மண்ணை நெற்றியால் முட்டி முட்டி மறுபடி சுவராக்கியது. தையல்நாயகி அடுப்பை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை; ஒரு விஞ்ஞானி பிறந்தாள். அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தத்தைவிடக் கர்வம்தான் அதிகம்.

இப்போது அவள் வேலை செய்யும் கூடம், கடலூர் மாவட்டத்தில் கரி எடுத்துத் தீர்ந்து மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் கரையில் இருக்கிறது. கரிக்கு நடுவே அங்கே மஞ்சளாக, கற்கண்டு போலக் கட்டிகள் அகப்படும். இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே நின்ற குங்கிலியக் காட்டின் பிசின் இறுகிக் கல்லானது அது. நெருப்பில் போட்டால் மணக்கும் என்பதால் சுரங்கத் தொழிலாளர்கள் அதைச் சாம்பிராணிக் கல் என்றார்கள். வெள்ளிக்கிழமை தூபத்துக்கு அதைத்தான் போட்டார்கள். அப்படி எத்தனை ஈயும் எறும்பும் சிலந்தியும் அம்மனுக்குப் புகையாகப் போயினவோ, கணக்கில்லை.

தப்பித்த ஒரு கல்லுக்குள் ஒரு பெண் பிள்ளைப்பூச்சி இருந்தது. கட்டைவிரல் அகலக் கல். தையல்நாயகி அதைப் பீரோவில் வைத்ததே இல்லை. தாலிச்சங்கிலியை லாக்கரில் வைத்துவிட்டு, கல்லைக் கம்மல் டப்பாவில் பஞ்சு சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாள். பிசின் அந்தப் பூச்சியின் கண்ணையும் காலையும் மட்டுமல்ல, மூளையின் நரம்புகளையும் இழை குலையாமல் வைத்திருந்தது. அந்த இழைகளை ஊடுகதிரால் படித்து, எந்த நரம்பு எதனோடு சேர்ந்தது என்று வரைந்து, அதே பின்னலை ஒரு சின்ன இயந்திரத்துக்குள் ஏற்றினால், பூச்சி செத்த இடத்திலிருந்து அதன் நடத்தை மறுபடி தொடங்கும். இதைச் செய்யலாம் என்று தையல்நாயகி சொன்னபோது சிரித்தவர்கள், செய்து காட்டியபோது மானியம் கேட்டு வந்தார்கள்.

இயந்திரத்துக்கு உடம்பு செய்தவன் குமரகுருபரன். நாற்பதைத் தாண்டிய பொறியாளன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். தேங்காய்மூடி அளவில் நாற்பது இயந்திரங்கள் செய்திருந்தான். மண்ணைத் தோண்டும் முன்னங்கால்கள், நெற்றியில் மண்ணை அழுத்தும் தகடு, வாயில் மண்ணை இறுக்கும் பசை, வாசனை அறியும் மீசை. இடிபாடுகளில் தோண்டுவதற்கென்று பேரிடர் துறை அவற்றைக் கேட்டிருந்தது. துறைக்கு வேண்டியது தோண்டுகிற மெஷின். தையல்நாயகிக்கு வேண்டியது வேறு. திங்கட்கிழமை மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். கல்லைக் கண்ணால் பார்த்து, இது புதிய இனம்தான் என்று கையெழுத்துப் போட்டால் அதற்கு அவள் ஒரு பெயர் வைக்கலாம். பெயரைக்கூட முடிவு செய்துவிட்டாள். மாமியார் பெயர். குப்பம்மாள் காலமாகிப் பல வருஷம். முதல் பூச்சியைக் கொடுத்தவருக்கு அந்த மரியாதை வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆனால் இயந்திரங்கள் தோண்ட மாட்டேன் என்றன.

"பாத்தீங்களா மேடம், மறுபடியும் அதே," என்றான் குமரகுருபரன். கூடத்தின் நடுவில் இருந்த மணல் தொட்டியிலிருந்து ஒரு இயந்திரம் பாதி தோண்டிவிட்டு வெளியே ஏறி, தரையில் விடுவிடுவென்று நடந்து, வடக்குச் சுவரோரம் போய் நின்றது. அங்கே மேலே பூஜை அலமாரி. "சாமி கும்புடப் போயிடுச்சு."

"எல்லாமே அங்கதான் போகுதா?"

"நாப்பதும். ஒரே மூளைக்கு நாப்பது காப்பி போட்டா கிறுக்கும் நாப்பதாத்தான வரும்? இந்தத் திரும்பிப் போற நரம்புப் பின்னலை மட்டும் வெட்டி எடுத்துடறேன். தோண்டறது இருக்கட்டும். நமக்கு வேண்டியது அவ்ளோதான்."

"வெட்டிட்டா அது பூச்சி இல்ல, துளை போடற மெஷின். அது கடைத்தெருவுலயே கெடைக்குது. அதுக்கு நான் எதுக்கு, நீ எதுக்கு?"

"துறையில இருந்து நாளைக்குக் கேட்டா என்ன சொல்றது? எங்க மெஷினுக்கு பக்தி ஜாஸ்தின்னா?"

தையல்நாயகி இயந்திரத்தின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அது சுவரோரத் தூசியைக் காலால் கூட்டி, நெற்றியால் தட்டி, மீசையை மேலே தூக்கித் துழாவியது. மறுபடி கூட்டியது, தட்டியது, துழாவியது. ஊறுகாய்ப் பாட்டிலில் அவள் பார்த்த அதே அசைவு. அவள் எழுந்து அலமாரியைப் பார்த்தாள். சரஸ்வதி படம், வாடிய சாமந்தி, ஒரு பித்தளைத் தூபக்கால். தூபக்காலை எடுத்து முகர்ந்தாள். கடைச் சாம்பிராணி வாசனை இல்லை.

"குமரா, ஆயுத பூஜைக்கு இதுல என்ன போட்ட?"

"ஏன் மேடம், மறந்துட்டீங்களா?" அவன் குரலில் பெருமை இருந்தது. "நம்ம கல்லுதான். நம்ம பூச்சி இருந்த கட்டிய அறுத்தப்ப விழுந்த துண்டுங்க. குமிழியா இருக்கு, குப்பைன்னு நீங்கதான ஒதுக்குனீங்க. ரெண்டு கோடி வருசத்து தூபம். எந்த ஆபீஸ்ல இப்படி ஒரு பூஜை நடந்திருக்கும்? நீங்ககூட மூச்ச இழுத்து, நல்லாருக்குடான்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. மெஷின்களுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் பங்கு போட்டு, அந்தப் புகையில் எல்லோரும் கண்மூடி நின்றார்கள்.

தையல்நாயகி மெதுவாக எதிர்ச்சுவருக்கு நடந்தாள். அறுப்பதற்கு முன் எடுத்த அந்தக் கட்டியின் படம் அங்கே கதவளவு பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். நடுவில் பூச்சி, இடது ஓரத்தில் கொத்தாகக் குமிழிகள்.

"இங்க வா. காத்துக் குமிழின்னா ஒண்ணு பெருசா ஒண்ணு சிறுசாத்தான் இருக்கும். இதுல எது பெருசு, எது சிறுசு, சொல்லு."

அவன் கிட்டே போய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "எல்லாம் ஒரே அளவு," என்றான். அப்புறம், "மேடம், முட்டையா?"

"அவ முட்டைங்க. வேர்ல இருந்து வழிஞ்ச பிசின் வளைக்குள்ள வந்திருக்கு. வாசப்பக்கம் திறந்துதான் இருந்திருக்கும், ஓடியிருக்கலாம். காலப் பாரு, ஓடற கால் இல்ல. முட்டையப் பாத்துப் போற கால். பிசின் வாசனை வர்ற பக்கம் என் பிள்ளை இருக்குன்னு, அதான் அவ மூளையில கடைசியா பதிஞ்சது."

"அப்ப இந்த மெஷின்..."

"பிள்ளையத் தேடுது. நாம அதை எடுத்து சாமிக்குப் புகை போட்டுட்டோம்."

கூடத்தில் இயந்திரத்தின் நெற்றி தரையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குமரகுருபரன் போய் அதன் விசையை அணைத்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சர்க்யூட்டுதான மேடம்," என்றான். "அதுக்கு என்ன தெரியும்?"

"உனக்கும் எனக்கும் மட்டும் மூளைக்குள்ள வெல்லமா இருக்கு? நரம்புதான்." அவள் குரல் உடனே மாறியது. "குமரா, ஒண்ணு யோசிச்சியா? இந்தக் குலத்துல தாய் காவலிருக்கறது பின்னால வந்த பழக்கம்னு எல்லாப் புஸ்தகத்துலயும் எழுதி வச்சிருக்காங்க. இவ ரெண்டு கோடி வருசத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்கா. செத்துக்கிட்டே செஞ்சிருக்கா. திங்கக்கிழமை வரட்டும் அந்த மூணு பேரும்."

குற்றவுணர்ச்சியும் பெருமையும் ஒரே நேரத்தில் ஒருத்தியின் முகத்தில் நிற்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் குமரகுருபரன் பார்த்தான்.

சனிக்கிழமை காலையில் தீயணைப்பு நிலைய அலுவலர் ஆரோக்கியசாமி ஃபோன் செய்தார். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் உறைக்கிணறு சரிந்துவிட்டது, தூர் எடுக்க இறங்கியவர் உள்ளே இருக்கிறார், உங்களிடம் ஏதோ தோண்டும் மெஷின் இருக்கிறதாமே என்றார். "இன்னும் சோதனையே முடியலைங்க," என்று குமரகுருபரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தையல்நாயகி இயந்திரங்களைக் கூடையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போய்ப் பார்த்தால், சுத்த ஆற்றுமணல். சிமெண்டு உறைகள் ஒன்றின்மேல் ஒன்று நின்றவை நொறுங்கிச் சாய்ந்து, மேலே மணல் மூடிக் கிணறு இருந்த இடமே குழியாகக் கிடந்தது. சாய்ந்த ஓர் உறையின் அடியில், குந்தியபடி சிக்கியிருந்தார் தனக்கோட்டி. இறங்கும்போது காற்றுக்காகப் போட்ட ரப்பர்க் குழாய் நசுங்காமல் தப்பியிருந்தது. மேலே அதன் நுனியில் காற்றடிக்கும் மோட்டார் ஓடியது. அதை நிறுத்தினால் குழாய் வழியே பேசலாம். அவர் மனைவி அஞ்சலாட்சி குழாயின் வாயை விடவே இல்லை.

"தோ வந்துட்டாங்க, மெசினோட வந்துட்டாங்க. நீ தெம்பா இரு," என்று குழாய்க்குள் சொன்னாள். உள்ளேயிருந்து, "மண்ணு எறங்கிக்கினே இருக்குது. முட்டி மறைஞ்சிடுச்சி," என்று குரல் வந்தது. அஞ்சலாட்சி அதைக் கேட்டும் கேட்காதவள் போல, "சரி சரி," என்றாள்.

சற்றுத் தள்ளி ஜேசிபி சும்மா நின்றது. "ஒரு கை மண்ணு எடுத்தா ரெண்டு கை சரியுது," என்றார் ஆரோக்கியசாமி. "தோண்டத் தோண்ட அவர் தலையிலதாம்மா விழும். உங்க மெஷின் மட்டும் என்ன பண்ணும்? சுருக்கமா சொல்லுங்க."

"இது தோண்டறதுக்கு வரலீங்க. இது தாய்ப்பூச்சியோட மூளை. பிள்ளை இருக்கற எடம் தெரிஞ்சா அங்க போயி, சுத்தி மண்ண இறுக்கிச் சுவர் கட்டும். போற வழியையும் இடியாம கட்டிக்கிட்டே போகும். அந்த வழியில கயிறு விடலாம்."

"பிள்ளை?"

"உள்ள இருக்கறவரைப் பிள்ளைன்னு அது நம்பணும். அதுதான் கஷ்டம்."

இயந்திரங்களை மணலில் விட்டார்கள். நாற்பதும் நாலு பக்கம் போயின, நின்றன, மீசையைத் துழாவின, வட்டமடித்தன. சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குமரகுருபரன் மடிக்கணினியைத் திறந்தான். "மேடம், கடைசியாக் கேக்கறேன். அந்தப் பின்னலை வெட்டிடறேன். நேராத் தோண்டட்டும்."

"நேராத் தோண்டினா அந்த ஆள் செத்துடுவான். தோண்டத் தெரிஞ்சது இங்கயே ஒண்ணு நிக்குது, பெருசா, மஞ்சக் கலர்ல. காக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்." அவள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். "வாசனை வேணும். அவர் பக்கத்துல இருந்து வரணும். அந்தக் குழா வழியா அனுப்பலாம்."

பக்கத்து வீட்டிலிருந்து கடைச் சாம்பிராணி வந்தது. புகை போட்டால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும் என்று பொடித்து மோட்டாரின் வாயில் தூவினார்கள். இயந்திரங்கள் சட்டை செய்யவில்லை. மரம் வேறு, வாசனை வேறு.

தையல்நாயகி கைப்பையைத் திறந்து கம்மல் டப்பாவை எடுத்தாள். குமரகுருபரன் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஓரத்த மட்டும் சொரண்டிப் பாக்கலாம் மேடம்."

சுரண்டினார்கள். அரத்தால் தேய்த்த துளி மஞ்சள் பொடி மோட்டாருக்குள் போனது. நாற்பது இயந்திரங்களும் அசையாமல் நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாகத் தலையைக் கிணற்றுப் பக்கம் திருப்பின. கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஒரு முழம் தோண்டியிருக்கும்; வாசனை கரைந்தது. மறுபடி மீசைகள் துழாவின, வட்டமடித்தன.

"போதாது," என்றாள் தையல்நாயகி.

"மேடம், திங்கக்கிழமை வர்றாங்க. கல்லு இல்லாம ஒண்ணும் நிக்காது. எவ்வளவு படம் இருந்தாலும் நீங்க கற்பனை பண்ணீங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்படி ஒரு பூச்சி இருந்ததே இல்லைன்னு ஆயிடும். உங்க வாழ்நாள் மேடம்."

"தெரியும்டா. நீ சொல்லியா தெரியணும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்த நேரத்தின்மேல். குழாயில் தனக்கோட்டியின் குரல், "அஞ்சல, இடுப்புக்கு வந்துடுச்சி," என்றது. இந்த முறை அஞ்சலாட்சி சரி என்று சொல்லவில்லை. குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தையல்நாயகியின் கையில் இருந்த கல்லைப் பார்த்தாள்.

"அது இன்னாமா கல்லு? சாமிக் கல்லா?"

"இல்லம்மா. உள்ள ஒரு பொம்பள இருக்கா. புள்ளகிட்டப் போயிக்கிட்டிருந்தவ, பாதியில நின்னுட்டா. அனுப்பி வைக்கப் போறேன். இஞ்சி இடிக்கற உரல் இருந்தா யார் வீட்டுல இருந்தாவது கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். தையல்நாயகி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, உரலை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். குமரகுருபரன் கையை நீட்டினான். தரவில்லை. கல்லை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்: மடங்கிய பின்னங்கால், அகன்ற முன்னங்கை, முன்னால் நீண்ட மீசை. உரலில் போட்டு ஓங்கி இடித்தாள். பொடி பறந்து அவள் விரலிலும் புடவையிலும் பாதத்திலும் படிந்தது. இரண்டு கோடி வருஷத்துக் காடு அந்த ஆற்றோரத்தில் மணத்தது.

பொடி முழுவதும் குழாயில் போயிற்று.

இந்த முறை இயந்திரங்கள் தயங்கவில்லை. வாசனை மிகுந்த கிணற்றுப் பக்கம் மணலில் சாய்வாக இறங்கின. முன்னது தோண்ட, பின்னது நெற்றியால் அழுத்த, அதற்கடுத்தது பசை பூச, பானை வனைந்த மாதிரி வழுவழுப்பாக ஒரு வளை உள்ளே போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் மணல் சரிந்தது. வளை மட்டும் நின்றது. ஆரோக்கியசாமி அதன் விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஏனோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குழாயில் குரல் வந்தது. "அஞ்சல, இன்னாமோ ஊருது. என்னச் சுத்திச் சுத்தி வருது. நண்டாட்டம் கீது."

"கடிக்குதா?"

"இல்ல. மண்ணத் தள்ளித் தள்ளி அடைக்குது. இடுப்புல இருந்த மண்ண வாரிடுச்சி. மேல உழுந்துக்கினு இருந்தது நின்னுடுச்சி." மறுபடி குரல் வந்தது. "என் கைய நக்குது அஞ்சல."

அஞ்சலாட்சி அப்போதுதான் அழுதாள்.

வளை, ஆள் நுழையும் அகலத்துக்குப் பெருகியது. அது எதனால் என்று குமரகுருபரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு கட்டளை அவன் எழுதவில்லை. குஞ்சு எத்தனை பெரியதோ அத்தனை பெரிய அறை என்று அந்த மூளைக்குத் தெரிந்திருந்தது. அந்த வழியே கயிறும் ஆளும் இறங்கின. தனக்கோட்டியை மேலே இழுத்துக் கிடத்தியபோது, அஞ்சலாட்சி முதலில் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எறங்காத எறங்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே," என்றாள். அப்புறம் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

குமரகுருபரன் வளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் போன அறையில் இயந்திரங்கள் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மீசையைத் தூக்கித் துழாவின.

"பிள்ளை போயிடுச்சுன்னு அதுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. அதனால உடனே அணைச்சுடு. தேட விட்டுட்டு வேடிக்கை பாக்கக் கூடாது."

அவன் ஒவ்வொன்றாக அணைத்தான். சர்க்யூட்டுதானே என்று இந்த முறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்று நிபுணர்கள் வந்தார்கள். நரம்புப் பின்னலைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த முட்டைப் படத்தைப் பார்த்தார்கள், கம்மல் டப்பாவில் பஞ்சை மட்டும் பார்த்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். படத்துக்குப் பெயர் வைக்க முடியாது, மன்னிக்க வேண்டும், இன்னொரு கல் கிடைத்தால் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களில் மூத்தவர் கிளம்பும்போது, "அறிவியல் கணக்குப்படி அப்படி ஒரு பூச்சி இருந்ததில்லை. வருந்துகிறேன்," என்றார்.

"அறிவியலுக்குத் தெரியலைன்னா போகுது," என்றாள் தையல்நாயகி. "தனக்கோட்டிக்குத் தெரியும்."

நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னாள். கார் போன பிறகும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாள் பெயர் வைக்கப்படாமல் போனது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. நல்லவேளை, மாமியார் இருந்திருந்தால் பூச்சிக்கா என் பேரு என்று சண்டைக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பேரிடர் துறையிலிருந்தும் அழைத்தார்கள். ஆயிரம் மெஷின் வேண்டும், ஆனால் அந்தத் திரும்பிப் போகும் சங்கதியை எடுத்துவிட்டுத் தர முடியுமா என்றார்கள். பேசியவன் குமரகுருபரன். "அதை எடுத்தா மெஷின் இல்லீங்க. அதுதாங்க மெஷின்," என்று சொல்லிவிட்டு வைத்தான். பிறகு பூஜை அலமாரிக்குப் போய், தூபக்காலின் அடியில் ஒட்டியிருந்த கரியை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக்கி மூடினான். அதை வைத்து அந்த வாசனையைத் திரும்பச் செய்ய முடியும் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது. இன்னொருவர் இன்னொரு மண்ணுக்குள் சிக்கும்போது அது வேண்டும். அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

"மேடம், ஒண்ணே ஒண்ண ஆன் பண்ணிப் பாக்கலாமா? இப்ப வாசனை எங்கயும் இல்ல. நேரா நடக்குதான்னு பாத்துட்டு அணைச்சிடறேன்."

தையல்நாயகி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து மணல் தொட்டியின் ஓரத்தில் நின்றாள். இயந்திரம் விழித்தது. பூஜை அலமாரியின் பக்கம் மீசையைத் தூக்கியது, போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராக அவளை நோக்கி வந்தது.

வந்து அவள் இடது குதிகாலில் மீசையை வைத்தது. பித்தவெடிப்புகளுக்குள், எத்தனை கழுவியும் போகாமல், மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. இயந்திரம் தொட்டியிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து அவள் பாதத்தைச் சுற்றிக் குவித்தது. நெற்றியால் தட்டியது. மறுபடி வாரியது.

"அய்யய்யோ," என்றான் குமரகுருபரன். "கால எடுத்துக்குங்க மேடம், அணைச்சிடறேன்."

"இரு."

"நீங்கதான தேட விடக் கூடாதுன்னீங்க."

"இது தேடலைடா. கண்டுபுடிச்சிடுச்சு."

சுவர் கணுக்கால்வரை எழும்பியது. வழுவழுப்பாக, இடைவெளி இல்லாமல் இருந்தது. அதை முடித்துவிட்டு இயந்திரம் உள்பக்கம் எட்டி, பூஞ்சை பிடித்துவிடக் கூடாதே என்பது போல அவள் குதிகாலை மெதுவாக நக்கித் துடைக்க ஆரம்பித்தது. தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்தது. அன்றைக்கு வாழைப்பழத்தை நீட்டிய குப்பம்மாள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. யாருக்கு யார் பிள்ளை என்பதில்தான் கொஞ்சம் மாறிப்போயிருந்தது.

"எவ்ளோ நேரம் மேடம் நிப்பீங்க?"

"அது முடிக்கட்டும்," என்று சொல்லி, காலை அசைக்காமல் நின்றாள்.